ஃபிளின்ட்ஸ்டோன்: சொல்லும் கல்லும்

ஃபிளின்ட்ஸ்டோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, அடித்தளமே இல்லாத காரைக் காலால் உந்தி ஓட்டிப்போகும் ஃபிரெட்தான். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1960 செப்டம்பர் 30 அன்று தொடங்கி 1966 வரை 166 பகுதிகள் ஓடிய கார்ட்டூன் தொடர் அது. தயாரித்தவர்கள் ஹன்னா-பார்பெரா. ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோனின் குடும்பக் கதை நடப்பது கற்காலத்தில், கூடவே டைனோசரும் உண்டு; அது எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது.

அதில் வருகிற பெயர்களில் பாதி கல்தான். ஊர் பெட்ராக், அதாவது அடிப்பாறை. மகள் பெபிள்ஸ், கூழாங்கல். பக்கத்து வீட்டு பார்னியின் குடும்பப் பெயர் ரபிள், உடைந்த கல். ஃபிரெட் வேலை பார்ப்பது கல்குவாரியில்; முதலாளி பெயர் சிலேட். நம் பள்ளிக்கூடத்துச் சிலேட்டேதான்.

குடும்பத்துக்கு முதலில் வைத்த பெயர் ஃபிளாக்ஸ்டோன், தரையில் பாவுகிற பலகைக்கல். 1959இல் எடுத்த முன்னோட்டப் படத்தில் அந்தப் பெயர்தான். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒரு செய்தித்தாள் படக்கதைக் குடும்பத்தின் பெயரும் ஏறக்குறைய அதுவே என்பதால் மாற்றினார்கள். நல்லதாகப் போயிற்று. தொட்டதற்கெல்லாம் பொறி பறக்கக் கத்துகிற ஃபிரெட்டுக்குத் தரைக்கல்லா பொருந்தும்?

ஃபிளின்ட் பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். சுண்ணப் பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடைக்கும் சிலிக்காக் கல் அது. உடைத்தால் கத்தி மாதிரி விளிம்பு விடும். அதனால்தான் ஐரோப்பாவின் கற்கால மனிதர்கள் அதில் ஆயுதம் செய்தார்கள்.

தமிழில் இதற்குச் சிக்கிமுக்கிக்கல் என்கிறோம். சக்கிமுக்கி என்றும் உண்டு. கேட்க அசல் தமிழ் இரட்டைக்கிளவி போல இருக்கும். ஆனால் தெலுங்கில் செகுமுகி, உருதுவிலும் இந்தியிலும் சக்மக். எல்லாவற்றுக்கும் மூலம் துருக்கிய மொழியின் சக்மாக். அடித்தல், தட்டுதல் என்று பொருள். இன்றும் துருக்கியில் சிகரெட் லைட்டருக்கு அதுதான் பெயர்.

தனித்தமிழ் வேண்டுவோர் தீக்கல் என்று எழுதலாம், சுருக்கமாகவும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஞெலிகோலை இதற்கு இழுக்கக் கூடாது. அது கடைந்து தீ மூட்டும் கோல். என்னைக் கேட்டால் சிக்கிமுக்கியே போதும். கல்லை இரும்பில் தட்டும் ஓசை அந்தச் சொல்லிலேயே கேட்கிறது.

இரும்பு என்றதும் ஒரு சிக்கல். சிக்கிமுக்கியைத் தட்டும்போது தெறிக்கும் பொறி கல்லுடையது அல்ல. கல்லின் கூர் விளிம்பு எஃகிலிருந்து மிகச் சிறிய துணுக்குகளைச் செதுக்க, அவை காற்றில் பற்றி எரிகின்றன. அதைப் பஞ்சில் பிடித்து ஊதினால் நெருப்பு. கற்காலத்தில் எஃகு ஏது? இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட் கனிமத்தைத்தான் அப்போது தட்டினார்கள். வெறுமனே இரண்டு சிக்கிமுக்கிக் கற்களை உரசினால் தீ வராது, கைதான் வலிக்கும்.

சரி, தொடரின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? ஆங்கிலத்தில் ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஸ்’ பன்மைதான், ஆனால் அந்தக் குடும்பத்தார் எல்லோரையும் குறிப்பது. ‘ஃபிளின்ட்ஸ்டோன்கள்’ என்று ‘கள்’ சேர்த்தால் தமிழில் கல் குவியலாகிவிடும். ‘ஃபிளின்ட்ஸ்டோன் குடும்பம்’ சரியாக இருக்கும். விளையாட்டாக மொழிபெயர்க்க ஆசையென்றால், ‘சிக்கிமுக்கி வீட்டார்’.