"அங்க எல்லாரும் எங்களை நல்லாத்தான் பாத்தவை, மிஸ்"

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள என் அறைக்கு அந்தப் பிள்ளை முதன்முதலில் வந்தது நித்திரை வரவில்லை என்று சொல்லித்தான். வயது 22. காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறார். பிறந்தது முதல் 20 வயது வரை ஒரு குழுவுக்குள்ளேயே வளர்ந்தவர். வயிற்று வலிக்கு மருந்து எடுக்கவென்று சித்தி வீட்டுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டார். தாயும் தம்பியும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருந்தேன். கதைத்துக் கதைத்துத் தொண்டை வரண்டு போயிருந்தது அவருக்கு. கண் அடிக்கடி அந்தக் கிளாஸுக்குப் போய் வந்தது, கை போகவில்லை. "குடியுங்கோ" என்று நான் சொன்ன பிறகுதான் எடுத்தார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அந்தக் குழு மதக் குழுவா, தியான நிலையமா, அரசியல் அமைப்பா என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், "ஓ, அவையோ" என்று தலையாட்டிவிட்டு வாசகர்களில் பாதிப்பேர் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று போய்விடுவீர்கள். 14 வருட உளவளத்துணைப் பணியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன், கடவுள் பெயரே எடுக்காத இடங்களிலிருந்து வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். இங்கே எழுதுவது மூன்று பேருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளங்களை மாற்றி, அவர்கள் சம்மதத்தோடு எழுதுவது.

முதல் நாளே அவர் சொன்ன ஒரு வசனம்: "நான் சின்னனில கனக்க ஓய்வில இருந்திருக்கிறன், மிஸ்." நோயாளிப் பிள்ளையாக இருந்திருப்பார் என்று நினைத்துக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவிட்டேன். மூன்றாவது சந்திப்பில், "ஓய்வு எண்டா என்ன செய்வீங்கள்? படுத்திருப்பீங்களோ?" என்று சும்மா கேட்டேன். இல்லையாம். படுக்கக் கூடாதாம். பின் பக்கத்துச் சாமான் அறையில் சுவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கதவு வெளியே பூட்டியிருக்கும். காலையில் போனால் சில நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். முதல் தடவை போனபோது அவருக்கு ஐந்து வயது.

நான் அந்த இடத்தில் பிழை விட்டேன். "இது பிழை. ஒரு பிள்ளைக்கு இப்பிடிச் செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். மனம் பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படியே மூடிக்கொண்டது. "அங்க எல்லாரும் எங்களை நல்லாத்தான் பாத்தவை, மிஸ். வெளியில இருக்கிறவைக்கு விளங்காது" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு ஏழு கிழமை வரவில்லை.

சொன்னது சரிதான். சொன்ன நேரம் சரியில்லை. ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம், நீங்களும் அதே பிழையைப் பாசத்தோடு விடக்கூடும்.

அமெரிக்க உளமருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1950களில் ஹொங்கொங்கில் இருந்து 40 பேரிடம் நீண்ட நேர்காணல்கள் செய்தார். சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற பெயரில் நடந்த கடும் அழுத்தங்களுக்குள் இருந்து வந்தவர்கள் அவர்கள். 1961இல் வந்த அவருடைய நூலில், இப்படி மனதைக் கட்டுப்படுத்தும் சூழலுக்கு எட்டு அடையாளங்களைச் சொல்கிறார். அதில் ஒன்று மொழி. குழு சில சொற்களை எடுத்து, தனக்கு வேண்டிய அர்த்தத்தை ஏற்றிவிடும். அதன் பிறகு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வேறுவிதமாக யோசிக்க முடியாது. என் அறைக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், சரளமாகக் கதைப்பார். ஆனால் 'அடைத்து வைத்தார்கள்' என்ற சொல் அந்தச் சம்பவத்தின் மேல் அவர் வாழ்நாளில் ஒரு தடவையும் வைக்கப்படவில்லை. பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி எப்படி முறையிடுவது?

லிஃப்டன் சந்தித்தவர்கள் வளர்ந்த பிறகு அதற்குள் அகப்பட்டவர்கள். அவர்களுக்கு முந்திய வாழ்க்கை ஒன்று இருந்தது. வெளியே வந்ததும், தட்டுத் தடுமாறி என்றாலும், பழைய ஆளைத் தேடிப் போகலாம். உள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படிப் பழைய ஆள் கிடையாது. எது பசி, எது பாவம், எப்போது சிரிக்கலாம் என்பதெல்லாம் அங்கே படித்ததுதான். நீங்கள் "அந்தக் குழு கூடாது" என்று சொல்லும்போது, அவர் காதில் "நீ கூடாது, உன் அம்மா கூடாது" என்றுதான் விழும்.

அம்மா என்பது இதில் பெரிய விஷயம். ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1990களில் ஒரு கருத்தை முன்வைத்தார். தன்னைப் பராமரிப்பவரே தனக்குத் தீங்கு செய்யும்போது, அதை அறியாமல் இருப்பதுதான் ஒரு பிள்ளைக்குப் பிழைக்கும் வழியாகிறது. அறிந்தால் விலக வேண்டும். விலகினால் சோறு யார் போடுவது? ஐந்து வயதில் மனம் செய்துகொண்ட அந்த ஏற்பாடு, 22 வயதில் சம்பளம் வாங்கும்போதும் அப்படியே வேலை செய்யும். அவர் குழுவுக்காக வாதாடுவது பல நேரங்களில் அந்த ஐந்து வயதுப் பிள்ளையின் வாதம்.

எங்கள் ஆட்களிடம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னிக்கும் வவுனியாவுக்கும் அலைந்து, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்தவர் இந்தத் தாய். கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் வாடகை கட்டக் காசில்லை. தெரிந்தவர் என்று யாரும் இல்லை. வெளியே போனால் பொலிஸ் பதிவு எங்கே, ஏன் வந்தாய் என்ற கேள்வி. அந்த நேரத்தில் பாயும் சாப்பாடும் தந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தக் குழுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த சனம் நாங்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைவிடப் பெரிய இழிவு எங்களுக்கு இல்லை. அந்த நன்றியைத் தாய் மகளுக்குப் பாலோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அன்று கொடுத்த சோறு உண்மையான சோறு.

இதை உறவினர்கள் ஏற்க மறுக்கிறார்கள். அங்கே எல்லாமே நடிப்பு, எல்லாமே ஏமாற்று என்று அடித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கோ அங்கே உயிர்த்தோழிகள் இருந்தார்கள், சேர்ந்து பாடிய பாட்டுகள் இருந்தன, காய்ச்சல் வந்தபோது இரவிரவாக விழித்திருந்த ஒரு மாமி இருந்தார். நீங்கள் முழுவதையும் பொய் என்றால், உண்மையாக இருந்த பாதியைக் காப்பாற்ற அவர் மற்றப் பாதிக்கும் சேர்த்து வாதாட வேண்டி வரும். கனடாவில் இருக்கும் பெரியம்மா ஒருவர், குழுவைவிட்டு விலகியவர்களின் யூடியூப் காணொளிகளைத் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனதோடுதான். அந்த மாதம் இந்தப் பிள்ளை திரும்பி உள்ளே போக இரண்டு தடவை பையை அடுக்கினார்.

'மூளைச்சலவை' என்ற சொல்லையும் தயவுசெய்து வீட்டில் பாவிக்காதீர்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கைநூலில், நீண்டகால வலுவான வற்புறுத்தலுக்கு உட்பட்டவர்களின் அடையாளக் குழப்பம் பற்றிக் குறிப்பு உண்டு. அது வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம், சாப்பாட்டு மேசையில் வீசும் சொல் அல்ல.

அப்படியென்றால் என்னதான் செய்வது? தலைவரைப் பற்றிக் கதைக்காதீர்கள், நாளைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், யார் சமைப்பார்கள், பிறந்தநாள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அறியும் ஆசையோடு கேட்டால் சொல்வார்கள். சொல்லும்போது தங்கள் காதாலும் கேட்பார்கள். "அதையா, எங்களையா, ஒண்டைத் தெரிவு செய்" என்று ஒருநாளும் நிபந்தனை போடாதீர்கள். குழு ஏற்கெனவே அதைப் போட்டுவிட்டது, அந்தப் போட்டியில் நீங்கள் தோற்பீர்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை மாற்றாமல் வைத்திருங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு இரவு இரண்டு மணிக்கு அந்த அழைப்பு வரலாம்.

காகிதங்களும் முக்கியம். வெளியே வருகிறவர்கள் பலரிடம் அடையாள அட்டை இருக்காது, எல்லாம் அங்கே அலுமாரியில் இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம், மற்றவற்றை அதை வைத்துத் தொடங்கலாம். தற்கொலை எண்ணமோ தாங்க முடியாத பதற்றமோ இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள்.

பொறுமை பற்றி நான் சொன்னதெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. உள்ளே சிறுபிள்ளை இருந்து, அடியோ, பட்டினியோ, பூட்டி வைப்பதோ நடக்கிறது என்று தெரிந்தால் பொறுத்திருக்கக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்திருப்பதும் சும்மா விடும் விஷயம் அல்ல, இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

ஏழு கிழமைக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்றார். அதன் பிறகு பல மாதங்கள் நித்திரையைப் பற்றியும், கடை முதலாளியைப் பற்றியும், அங்கே மழை நாட்களில் சுடும் ரொட்டியைப் பற்றியும் கதைத்தோம். 'ஓய்வு' என்ற சொல்லை நானாக எடுக்கவே இல்லை.

போன மாதம் ஒரு பின்னேரம். ஜன்னலுக்கு வெளியே மாத்தறைப் பக்கம் போகும் ரயில் கடந்து சத்தம் அடங்கும் வரை பேசாமல் இருந்தார். தாய் தொலைபேசி எடுத்தாராம். எல்லாரும் சுகம் என்றாராம்.

"தம்பி ஓய்வில இருக்கிறானாம், மிஸ்."

"ம்."

"அவனுக்கு ஒம்பது வயசு." விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அறையில லைட் இல்லை. அவன் இருட்டுக்குப் பயம். சின்னப் பிள்ளை எல்லே, மிஸ்?"

"ஓம். சின்னப் பிள்ளை."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மேசையில் இருந்த தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். கைப்பையைத் திறந்து போனை எடுத்து, "அந்த நம்பர் என்ன?" என்று கேட்டார்.