வாயில்லாத பெட்டி பதில் சொல்லும் விதம்

ம்யூனிக்கில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "விடுமுறைக்கு நண்பர் காரில் இன்ஸ்ப்ரூக், ப்ரென்னர் கணவாய் வழியாக வெரோனா போனோம். ஜெர்மனியில் யாரும் காசு கேட்கவில்லை. ஆஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர், ப்ரென்னர் சாலைக்கு அதற்கு மேல் தனிக் காசு. இத்தாலியில் எல்லோரும் சீட்டு எடுக்க நின்றார்கள், நண்பர் நிற்கவே இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டி 'பீப்' என்றது, கட்டை தூக்கிக்கொண்டது. வாங்கி நாலு வருடமாகிறதாம், ஒருநாளும் சார்ஜ் போட்டதில்லையாம். என் போன் ராத்திரிக்குள் செத்துவிடுகிறது. அது எப்படி சார்?"

பெட்டிக்கு வருமுன் ஸ்டிக்கர் கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். அதன் பெயர் வின்யெட். பிரெஞ்சில் 'சிறு திராட்சைக்கொடி' என்று பொருள். பழைய புத்தகங்களின் ஓரத்தில் போட்ட கொடி அலங்காரத்துக்கு வைத்த பெயர், படிப்படியாக எந்தச் சின்னச் சீட்டுக்கும் ஆகிவந்தது. சுவிட்சர்லாந்தில் 1985 முதலும் ஆஸ்திரியாவில் 1997 முதலும் கார்களுக்கு இதுதான். இப்போது ஒட்டாமலே வண்டி எண்ணின் பேரில் இணையத்தில் வாங்கலாம். வின்யெட் காலத்துக்குக் காசு. பத்து கிலோமீட்டர் போனாலும் ஆயிரம் போனாலும் ஒன்றுதான். இத்தாலியில் கொடுப்பது தூரத்துக்குக் காசு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இரண்டையும் வெவ்வேறு பெயரில் பிரித்தே வைத்திருக்கிறது.

ஜெர்மனியும் கார்களுக்குக் காசு வாங்கப் பார்த்தது. சாலைக் கட்டணம் எல்லோருக்கும்தான், ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வாகன வரியில் அதே தொகை கழிவு என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அப்படியானால் சுமை முழுக்க வெளிநாட்டான் தலையில்தானே என்று ஆஸ்திரியா வழக்குப் போட, 2019 ஜூனில் லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊரில் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அங்கே அந்தப் பட்டத்தை நீதிபதிகளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இனி பெட்டி. செல்போன் தானே ரேடியோ அலையை உண்டாக்கித் தொலைவிலுள்ள கோபுரம் வரை அனுப்புகிறது. அதற்கும் பேட்டரி கரைகிறது. சுங்கப் பெட்டி அலையை உண்டாக்குவதே இல்லை. அதற்குள் டிரான்ஸ்மிட்டர் கிடையாது.

சின்ன வயதில் உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து எதிர்வீட்டுச் சுவரில் வெயிலடித்து விளையாடியிருப்பீர்கள். கண்ணாடியிடம் வெளிச்சம் இல்லை, அது சூரியனுடையது. கையைக் கொஞ்சம் திருப்பினால் சுவரில் ஒளி, இன்னும் திருப்பினால் இல்லை. இப்படித் திருப்பித் திருப்பியே எதிர்வீட்டுப் பையனுக்குச் சேதி சொல்லலாம். பெட்டி செய்வது இதைத்தான்.

இனி வரும் எண்கள் ஐரோப்பாவின் பொதுத் தரத்துக்கு உரியவை. இத்தாலியின் சொந்தத் தரத்தில் சில எண்கள் மாறும், முறை இதேதான். சாலைக்கு மேலே இருக்கும் ஆண்டெனா 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கீழ்நோக்கி வீசுகிறது. அதன் அலைநீளம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம், அதனால்தான் பெட்டிக்குள் அவ்வளவு சிறிய ஆண்டெனா போதுகிறது. முதலில் மேலே இருப்பது பேசும்: அலையைக் கூட்டிக் குறைத்து, நொடிக்கு 5 லட்சம் பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற தகவல் துளி) வேகத்தில் 'யாரப்பா நீ?' என்று கேட்கும். தூங்கிக்கொண்டிருந்த பெட்டி விழிக்கும். பிறகு மேல் ஆண்டெனா பேச்சை நிறுத்திவிட்டு, நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத வெறும் அலையை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். பெட்டி தன் ஆண்டெனாவின் முனையில் உள்ள ஒரு மின் ஸ்விட்சைத் தட்டும். ஒரு நிலையில் ஆண்டெனா வந்த அலையை விழுங்கிவிடும். இன்னொரு நிலையில் வந்ததைத் திருப்பி அடிக்கும். அதுதான் பெட்டியின் பேச்சு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தீர்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த அலையைத் திருப்பி அடிப்பது பெட்டி மட்டுமல்ல. கார் பானெட், முன்னால் போகும் லாரி, தார்ச்சாலை எல்லாமே திருப்பி அடிக்கின்றன, அதுவும் பெட்டியைவிடப் பலமாக. போதாததற்கு மேல் ஆண்டெனாவின் சொந்தச் சத்தமே அதன் காதை அடைக்கிறது. இந்தக் கூச்சலில் பெட்டியின் முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்? பெட்டி அந்த ஸ்விட்சை நொடிக்கு 15 லட்சம் அல்லது 20 லட்சம் தடவை ஒரே சீராகப் படபடவென்று தட்டுகிறது. அப்படித் துடிக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலை, வந்த அதிர்வெண்ணிலிருந்து அதே அளவு மேலும் கீழும் விலகி இரு பக்கமும் ஒதுங்கி நிற்கிறது. பானெட் துடிப்பதில்லை, எனவே அதன் எதிரொலி நடுவிலேயே கிடக்கிறது. மேலே இருப்பது நடுவை வடிகட்டிவிட்டு ஓரத்தை மட்டும் கேட்டால் போதும். அந்தப் படபடப்பின் தாளத்தைச் சட்டென்று தலைகீழாகப் புரட்டினால் ஒரு சேதி, புரட்டாவிட்டால் இன்னொன்று. நொடிக்கு இரண்டரை லட்சம் பிட் இப்படியே மேலே போகிறது.

வேகம் போதுமா? 120 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 33 மீட்டர் ஓடும். பேசும் இடம் ஐந்து மீட்டர் என்று வைத்தால் 0.15 நொடி கிடைக்கும், அதற்குள் 37,000 பிட்டுக்கு மேல் அனுப்பலாம். ஒப்பந்த எண்ணையும் வண்டி வகையையும் சொல்ல அது தாராளம். பேட்டரி செலவு அந்த ஸ்விட்சுக்கும் சின்னச் சில்லுக்கும் மட்டும்தான். இந்தியாவின் ஃபாஸ்டேக்கும் இதே குலம், 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது. அதற்குப் பேட்டரியே கிடையாது, சில்லுக்கு வேண்டிய மின்சாரத்தையும் வந்த அலையிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும்.

அலை போகும்போதும் மெலிகிறது, திரும்பும்போதும் மெலிகிறது. தூரம் இரட்டித்தால் திரும்பி வருவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். தள்ளியிருக்கும் வண்டியின் கணக்கில் உங்கள் காசு ஏறாமல் இருக்க இந்த மெலிவும் ஒரு காரணம்.

இந்த உத்திக்கு ஒரு முன்கதை உண்டு. 1945-ல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் இல்லச் சுவரில் அது 1952 வரை தொங்கியது. உள்ளே ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. பேட்டரி இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையின் பேச்சுக்கு அதிரும் சவ்வு திரும்பும் அலையை மாற்றும். நம் பெட்டிக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். 1948-ல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், திருப்பி அடிக்கும் அலையாலேயே செய்தி அனுப்பலாம் என்று ஆய்வுக்கட்டுரை எழுதி, பயன்பாடுகளைத் தேடுமுன் இன்னும் நிறைய ஆராய்ச்சி வேண்டும் என்று முடித்தார். நார்வேயின் ஓலசுண்டில் மின்னணுச் சுங்கப் பெட்டி வந்தது 1987-ல், இத்தாலியின் மின்னணுச் சுங்க முறையான டெலிபாஸ் 1990 வாக்கில். நாற்பது வருடம்! ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் இன்றைய குழு முன் ஸ்டாக்மன் நின்றிருந்தால், மூன்று வருடத்தில் என்ன பொருள் விற்கலாம் என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஜெர்மனி லாரிகளுக்கு வேறு வழி பிடித்தது. 2003-ல் தொடங்கியிருக்க வேண்டியது, தொழில்நுட்பக் கோளாறுகளால் இழுத்து 2005 ஜனவரி 1-ல்தான் வந்தது. லாரியின் பெட்டி செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தை அறிந்து, செல்போன் வலையில் கணக்கை அனுப்பும். சாலை நெடுக ஆண்டெனா தாங்கும் வளைவுகள் கட்ட வேண்டாம். 2018-ல் கட்டணத்தைக் கூட்டாட்சிச் சாலைகள் அனைத்துக்கும் விரிக்க முடிந்தது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு ஆணை செயற்கைக்கோள், செல்போன், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்று மூன்றையும் அங்கீகரித்து வைத்தது. நெடுஞ்சாலையும் பழைய சாலையும் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில் செயற்கைக்கோள் குழம்பும். எது என்று சொல்ல அங்கே சாலையோரக் கம்பம் ஒன்று வேண்டியிருக்கிறது.

கடைசியாக, நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். வெயில் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய முன்கண்ணாடி, அலையையும் தடுக்கும். அதற்காகவே பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்புறம், கறுப்புப் புள்ளிகள் இருக்கும் இடத்தில், பூச்சில்லாமல் விட்டிருப்பார்கள். பெட்டிக்கு அதுதான் இடம். இது கதிர்வீச்சு விடுகிறது, தலைக்குப் பக்கத்தில் வைக்காதே என்று வாட்ஸப்பில் வருவதைப் படித்துவிட்டு டாஷ்போர்டுக்குள் போட்டு வைத்தால், வெரோனாவில் கட்டை தூக்காது.