கால் சுருண்ட டரான்டுலா

முடியடர்ந்த பெரிய சிலந்தியான டரான்டுலாவை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பதறுவது அது மல்லாந்து கிடக்கும்போதுதான். கால்களை விரித்து மல்லாந்திருந்தால் அநேகமாக அது சட்டை உரிக்கப் போகிறது. பல மணி நேரம் அப்படியே கிடக்கும். திருப்பிப் போடாமல், தொடாமல், தண்ணீர் தெளிக்காமல் விட்டாலே போதும். பயப்பட வேண்டிய நிலை வேறு: நேராக இருக்கும்போதே எட்டுக் கால்களும் மெல்ல உடம்புக்கு அடியில் சுருண்டு போவது.

ஏன் சுருள்கிறது? நம் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொரு தசை. சிலந்தியின் காலில் ஏழு கண்டங்கள் உண்டு. அவற்றுக்கு இடையிலுள்ள இரண்டு முக்கிய மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான், நீட்டும் தசை கிடையாது. நீட்டுவது இரத்தத்தின் வேலை. தலைமார்பு ஓட்டுக்குள் இருக்கும் தசைகள் இறுகும்போது இரத்தம் கால்களுக்குள் தள்ளப்பட்டு மூட்டுகள் திறக்கின்றன. ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வதும் இதே தத்துவம்தான். என்ன, ஜேசிபி மடக்குவதற்கும் எண்ணெயையே நம்புகிறது; சிலந்தி அதற்குத் தசை வைத்திருக்கிறது.

பாரி, பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த அழுத்தத்தை வீட்டுச் சிலந்தி ஒன்றின் காலில் அளந்து 1959இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது சுமார் 50 மி.மீ. பாதரசம், கணநேரத் துள்ளலில் 400 வரை. பி.பி. 160 என்றாலே ஆஸ்பத்திரி வரிசையில் போய் உட்காரும் வேலூர்க்காரர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இன்னொரு சான்று சற்று விகாரமானது. 2022இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில், செத்த ஓநாய்ச் சிலந்தியின் உடலுக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். கால்கள் விரிந்தன. காற்றை எடுத்ததும் மடங்கின. பொருள்களைப் பிடித்துத் தூக்கும் கொக்கியாகவே அந்தச் சிலந்தி வேலை செய்தது. சுருண்ட கால் சொல்லும் சேதி இதுதான்: உள்ளே அழுத்தம் விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்று தேடுவதில்தான் வைத்தியம் தொடங்குகிறது.

நம் வேலூரில் முதல் சந்தேகம் தண்ணீர்மேல் விழ வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் உயிரின் நிலையை யோசியுங்கள். டரான்டுலாவுக்கு வயிற்றின் அடியில் நான்கு புத்தக நுரையீரல்கள்; ஏடுகள் போல அடுக்கடுக்காக இருக்கும் மூச்சு உறுப்புகள் அவை. அவற்றின் வழியாகவும் தோல் வழியாகவும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். உருண்டையாக இருக்க வேண்டிய வயிறு சிறுத்துச் சுருங்கியிருந்தால் நீர்ச்சத்து போய்விட்டது என்று கொள்ளலாம். ஆழமில்லாத மூடி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, நச்சுப்பற்களுக்குப் பின்னால் இருக்கும் வாய் அதில் படும்படி மெதுவாகச் சாய்த்து வையுங்கள். வயிறு மட்டும் நனையக் கூடாது, மூச்சு அங்கேதான். காரணம் தண்ணீர்தான் என்றால் சில மணி நேரத்தில் கால்கள் நீளத் தொடங்கும்.

ஈரத் தாள் போட்டு மூடிய டப்பாவுக்கு வளர்ப்பவர்கள் ‘ஐசியு’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஈரக்காற்று ஈரம் போவதைக் குறைக்கும்; குடிக்கிற தண்ணீருக்கு அது ஈடாகாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சையும் பிடிக்கும். சாகக் கிடப்பதைத் தேற்றுவதாக நினைத்து உயிருள்ள வெட்டுக்கிளியைப் போடுவது இன்னும் மோசம். அது சிலந்தியையே கடித்துவிடும்.

அடுத்தது கசிவு. கையிலிருந்து கீழே விழுந்தால் மெல்லிய வயிற்றுத் தோல் கிழிந்துவிடும். சிலந்தி இரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் லேசான நீல நிறம் தெரியும். ஒழுகிப் போவது இரத்தம் மட்டுமில்லை, நடக்கிற பலமும்தான். சிறு கிழிசலைச் சோளமாவு தூவியோ துளி சூப்பர் க்ளூ வைத்தோ அடைப்பார்கள். கால் ஒன்று போனால் அவ்வளவு கவலை வேண்டாம். அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் முளைத்துவிடும்.

கால்கள் சுருளாமல் வெட்டி வெட்டி இழுத்தால், தள்ளாடினால், விஷத்தைச் சந்தேகியுங்கள். டெங்கு சமயத்தில் தெருவில் அடிக்கும் புகை மருந்துகள் சிலவற்றிலும், வீட்டுக் கொசு விரட்டிகள் பெரும்பாலானவற்றிலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துதான் இருக்கிறது. நரம்பணுக்களுக்குள் சோடியம் நுழையும் வாசலை அது மூட விடாது; நரம்பு ஓயாமல் துடிக்கும். முறிமருந்து கிடையாது. சுத்தமான காற்றும் தண்ணீரும் கொடுத்துக் காத்திருப்பதுதான். சமையலறையில் பிடித்த கரப்பானை இரையாகப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

வாயருகே வெள்ளைப் பசை போலத் திரண்டு, இரையைத் தொடாமல் இருந்தால் அது உருளைப்புழு என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு நம்பகமான சிகிச்சை இல்லை. மற்ற சிலந்திகளை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சில சமயம் நோயே இருக்காது, வயதாகியிருக்கும். பல இனங்களில் பெண் இருபது ஆண்டுக்கு மேல் வாழும். ஆணோ கடைசிச் சட்டையை உரித்த பிறகு பொதுவாக ஓரிரு ஆண்டுகள்தான். பல இனங்களில் முன்னங்காலில் சிறு கொக்கி தெரியும். வாயருகே உள்ள குட்டைக் கால்களின் நுனி குமிழாக இருக்கும். இப்படிப்பட்ட ஆண் இரையை மறுத்து மெலிந்தால் அதன் காலம் முடிகிறது, அவ்வளவே. டரான்டுலாவுக்குத் தூரத்து உறவான ஆஸ்திரேலியப் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றை 1974இலிருந்து கவனித்து வந்தார்கள். 43 வயது வாழ்ந்த அந்தப் பெண் சிலந்தியையும் முதுமை கொல்லவில்லை; ஒட்டுண்ணிக் குளவி கொன்றது.

தேறாது என்று தெரிந்தபின் கருணைக்கொலையாக ஃப்ரீசரில் வைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அயல்விலங்கு மருத்துவர்கள் முதலில் மயக்க வாயு கொடுத்து, பிறகு தலைமார்பிலுள்ள நரம்புத் திரளில் பொட்டாசியம் குளோரைடு ஊசி போடுகிறார்கள். மாட்டையும் நாயையும் பார்க்கும் உள்ளூர் மருத்துவருக்கு இது புதிதாக இருக்கலாம். அதனால் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். தானாகவே அடங்கிவிட்டதாகத் தோன்றினாலும் ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்து, வாடை வந்த பிறகு புதைக்கலாம்.