வலிப்பு நின்ற பிறகு எடுக்கும் வலிப்பின் படம்

மாத்திரைக்குக் கட்டுப்படாத கால்-கை வலிப்பு உள்ளவருக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்க்கும்போது, டாக்டர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான். சிலருக்கு எம்ஆர்ஐ படத்திலேயே அது தெரிந்துவிடும். சிலருக்கு எம்ஆர்ஐயில் ஒரு கோளாறும் தெரியாது. வலிப்பு வரும் நேரத்தில், அது தொடங்கும் இடத்துக்கு ரத்த ஓட்டம் சட்டென்று கூடும். அந்த நிமிடத்தில் படம் எடுத்தால் பிடித்துவிடலாம். ஆனால் கை கால் வெட்டி இழுக்கும் ஒருவரை ஸ்கேன் மேசையில் அசையாமல் படுக்க வைப்பது நடக்கிற காரியமா?

உடலுக்குள் ஏற்றிய கதிரியக்க மருந்தை வைத்துப் படமெடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன் இந்தச் சிக்கலைக் கடக்கும் விதம் எனக்கு மருத்துவப் படமெடுப்பிலேயே மிகவும் பிடித்த தந்திரம். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலையில் மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி கம்பிகளைப் பொருத்தி, வீடியோவில் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கதிரியக்க மருந்து நிரப்பிய ஊசி ஈய உறைக்குள் தயாராக இருக்கும். வலிப்பு தொடங்கியதும் மருந்து ரத்தக் குழாய்க்குள் போகிறது.

எச்எம்பிஏஓ என்ற அந்த மருந்து கொழுப்பில் கரையக்கூடியது. அதனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை எளிதாகக் கடந்துவிடும். உயிரணுவுக்குள் போனதும் வேதி மாற்றம் அடைந்து, நீரில் கரையும் பொருளாகிவிடுகிறது. அப்புறம் அது திரும்பி வர முடியாது, கூட்டுக்குள் மாட்டிய மீன் மாதிரி. ரத்தம் எங்கே அதிகம் பாய்ந்ததோ அங்கே மருந்தும் அதிகம் தங்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். வலிப்பு அடங்கி, நோயாளி தெளிந்து, ஓரிரு மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்தாலும் படத்தில் தெரிவது வலிப்பு வந்த அந்த நிமிடத்து மூளைதான். வலிப்பு இல்லாத வேறொரு நாளில் இன்னொரு படம் எடுத்து, முதல் படத்திலிருந்து அதைக் கணினியில் கழித்தால், மிஞ்சி நிற்கும் இடம் சந்தேகத்துக்குரியது. ஊசி தாமதமாகப் போனால் மட்டும் ஏமாற்றிவிடும். வலிப்பு அதற்குள் வேறு பகுதிகளுக்குப் பரவியிருக்கலாம். தொடங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்தும் போயிருக்கலாம்.

சரி, உள்ளே தங்கிய மருந்தை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? மருந்தோடு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்திருப்பார்கள். அது 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரை வெளியிடும். உடலைத் துளைத்து வெளியே வர அந்த ஆற்றல் போதும். கருவியில் பிடிபடாமல் தப்பிவிடும் அளவுக்கு அதிகமும் இல்லை. ஆறு மணி நேரத்தில் பாதி அழிந்துவிடும்.

காமா கதிரைக் கண்ணாடி லென்ஸால் குவிக்க முடியாது. எனவே ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ள ஈயத் தகட்டை முன்னால் வைக்கிறார்கள். துளைக்கு நேராக வரும் கதிர் மட்டும் நுழையும், சாய்வாக வருவது ஈயத்தில் அடங்கிவிடும். தோராயமாகப் பத்தாயிரத்தில் ஒரு கதிர்தான் தேறுகிறது. கொடுமையான விரயம்! படம் மங்கலாக இருப்பதற்கும், நோயாளி பல நிமிடங்கள் அசையாமல் படுத்திருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தப்பி வரும் கதிர்கள் சோடியம் அயோடைடு படிகத்தில் மோதி ஒளிப்பொறிகளாக மாறுகின்றன. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவின் அடிப்படை இதுதான். அந்தக் கேமராவை உடலைச் சுற்றி நகர்த்திப் பல கோணங்களில் படமெடுத்தால், கணினி அவற்றிலிருந்து குறுக்குவெட்டுகளைக் கட்டியெழுப்பும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் கூலும் ராய் எட்வர்ட்ஸும் 1963-லேயே இதே எண்ணத்தில் குறுக்குவெட்டுப் படங்களை வெளியிட்டுவிட்டார்கள். சிடி ஸ்கேன் முதல் நோயாளியைப் பார்த்தது 1971-ல்தான். புகழ் என்னவோ சிடிக்குத்தான் போனது.

இதயத்திலும் இதே தந்திரம்தான். ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, இதயம் உச்ச வேகத்தில் துடிக்கும்போது செஸ்டமிபி என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். அது இதயத்தசையில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கி ஓய்ந்த பிறகு நிதானமாகப் படம் எடுக்கலாம். அதை, ஓய்வில் இருக்கும்போது மருந்தேற்றி எடுத்த இன்னொரு படத்தோடு ஒப்பிடுவார்கள். உழைப்பில் இருண்டு ஓய்வில் தெளியும் பகுதி, குழாய் அடைப்பின் அடையாளம். இரண்டிலும் இருண்டே இருந்தால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. முன்பு பயன்பட்ட தாலியம்-201-க்கு இந்தப் பொறுமை கிடையாது. அது தசைக்குள்ளும் வெளியிலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஓடி முடித்த கையோடு படம் எடுக்க வேண்டியிருந்தது.

கதிரியக்க மருந்தாலேயே இயங்கும் பெட் ஸ்கேன் இதைவிடத் தெளிவான படம் தரும்போது ஸ்பெக்ட் எதற்கு என்று கேட்கலாம். பெட்டில் வழக்கமாகப் பயன்படும் சர்க்கரை மருந்து மூளையில் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நிமிட வலிப்பு அதில் கரைந்து காணாமல் போய்விடும்.

ஸ்பெக்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்னீசியம்-99எம் கிடைப்பது மாலிப்டினம்-99 என்ற இன்னொரு கதிரியக்க அணு சிதையும்போது. அதில் பாதி 66 மணி நேரத்தில் அழிந்துவிடும். வாங்கி அடுக்கி வைக்க முடியாது, வாராவாரம் புதிதாக வர வேண்டும். அதைத் தயாரிப்பதோ உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணு உலைகள். 2009-ல் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது. அது சரியாகும் முன்பே, 2010-ல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. அந்த மாதங்களில் பல நாடுகளில் ஸ்கேன்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது.