ஒப்புக்குக் கல்யாணம்: ‘ஃபேக் மேரேஜ்’க்கு நம்ம ஊர்ச் சொல்

ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் சுத்தமாப் பிடிக்காது, இல்லேன்னா யாரு எவருன்னே தெரியாது. வாடகைக்கு வீடு வேணும், இல்ல வேலை வேணும், இல்ல ஆஸ்பத்திரியில கெடக்குற அப்பத்தா கண்ண மூடுறதுக்குள்ள பேரன் கல்யாணத்தப் பாத்தாகணும், இப்பிடி ஏதாவது ஒரு நெருக்கடி வந்துரும், உடனே ஊருக்கு முன்னாடி புருசன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு ஒரே வீட்டுக்குள்ள போயிருவாங்க. இண்டர்வெல் வரைக்கும் கட்டிலு யாருக்கு பாயி யாருக்குன்னு பஞ்சாயத்து. அதுக்கப்புறம் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருத்தர் கஞ்சி வச்சுக் குடுப்பாங்க, முடிஞ்சுது சோலி. அப்பத்தா மட்டும் கடைசி வரைக்கும் சாக மாட்டாங்க.

இந்த மாதிரிப் படங்களத்தான் ‘ஃபேக் மேரேஜ்’ கதைன்னு எல்லாரும் சொல்றோம். தமிழ்ல என்னன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, போலித் திருமணம்ங்குறாங்க, பொய்க் கல்யாணம்ங்குறாங்க, காண்ட்ராக்ட் கல்யாணம்ங்குறாங்க, மதுரைப் பயலுகன்னா “எல்லாம் செட்டப்புப்பா”ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. என்னையக் கேட்டா இதுல எதுவுமே சரியா உக்காரல. நம்ம வீட்டுப் பெருசுக வாயில தெனமும் பொழங்குற ‘ஒப்புக்கு’ன்னு ஒரு சொல்லு இருக்கே, அதுதான் இதுக்குப் பொருத்தம். ஏன்னு சொல்றேன்.

மொதல்ல ‘ஃபேக்’. இங்கிலீஷ்லயே அது ஒண்ணும் கௌரவமான எடத்துலருந்து வந்த சொல்லு இல்ல, லண்டன் திருட்டுப் பயலுக தங்களுக்குள்ள பேசிக்கிட்ட பாஷையிலருந்து மேல ஏறி வந்தது. அதனால அதுல ஏமாத்துற வாடை எப்பவும் இருக்கும். நம்ம ‘போலி’ அப்பிடி இல்ல, அது ‘போல்’ங்குறதுலருந்து வந்தது, மாதிரி இருக்குறதுன்னு மட்டுந்தான் அர்த்தம். பள்ளிக்கூடத்துல இலக்கணத்துல படிச்சிருப்பீங்க, ஐந்து அஞ்சு ஆகுறது, அறம் அறன் ஆகுறது, இதுக்கெல்லாம் போலின்னுதான் பேரு. எழுத்து மாறும், பொருள் மாறாது, யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா இன்னைக்கு போலி டாக்டர், போலிப் பத்திரம்னு பேப்பர்ல வந்து வந்து அந்தச் சொல்லு மேல கேசு ஏறிப்போச்சு. ‘போலித் திருமணம்’னு தலைப்பு போட்டா அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரிதான் மனசுல படம் ஓடும். காமெடிப் படத்துல ஏமாத்துறது ஊரத்தான், ஒருத்தர ஒருத்தர் இல்ல. ரெண்டு பேரும் தெரிஞ்சே பேசி வச்சுத்தான செய்றாங்க.

‘செட்டப்பு’ இன்னும் மோசம். இங்கிலீஷ்ல ஏற்பாடு, இல்ல மாட்டி விடுறது, அவ்வளவுதான். நம்ம பக்கம் வந்ததும் அது சின்ன வீட்டுக்கும் பேரா ஆகிப்போச்சு. “அவருக்கு அங்கிட்டு ஒரு செட்டப்பு இருக்கு”ன்னா டீக்கடையில இருக்குற அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க. அத எடுத்து ஒரு ஜாலியான படத்துக்கு வைக்கிறது வேணாம்.

சரி, ஒப்புக்கு. இதுக்கு விளக்கமே வேணாம், பேச்ச எடுத்துப் பாத்தாலே போதும். “ஒப்புக்கு வந்து தலையக் காட்டிட்டுப் போயிட்டான்.” “பசியே இல்ல மதினி, ஒப்புக்கு ஒரு வாய் சாப்ட்டேன்.” “ஒப்புக்குக் கூட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல.” மனசு இல்ல, ஆனா வெளிய பாக்க எல்லாம் ஒழுங்கா நடந்த மாதிரி இருக்கணும். ‘பேருக்கு’ன்னு சொல்றதும் கிட்டத்தட்ட இதான், ஆனா பேருக்குச் செய்றதுல ஒரு அலட்சியம் இருக்கும், ஒப்புக்குச் செய்றதுல எதிர்ல இருக்குறவங்க என்ன நெனைப்பாங்களோன்னு ஒரு மரியாதையும் பயமும் இருக்கும். அப்பத்தாவுக்காகக் கல்யாணம் பண்ணுனா அது ஒப்புக்கு.

ஒப்புக்குச் சப்பாணி தெரியும்ல? பெரிய பிள்ளைக ஓடிப் பிடிச்சு வெளையாடுறப்ப தம்பியவும் சேத்துக்கன்னு அம்மா வெரட்டி விடுவாங்க, அவன சேத்துக்குவாங்க, ஆனா அவன் அவுட்டு ஆனாலும் கணக்கு இல்ல, ஆகலேன்னாலும் கணக்கு இல்ல. அவனுக்குப் பேரு ஒப்புக்குச் சப்பாணி. பாதிப் பேரு இத ‘உப்புக்குச் சப்பாணி’ன்னு சொல்றாங்க, உப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் யோசிக்கிறது இல்ல, ஒப்புக்குங்குறதுதான் அர்த்தத்தோட ஒட்டுது. சப்பாணின்னா கால் ஊனி நடக்க முடியாதவன்னு ஒரு பொருள், கை கொட்டுறதுன்னு இன்னொரு பொருள். குமரகுருபரர் நம்ம மீனாட்சிக்குப் பாடுன பிள்ளைத்தமிழ்ல சப்பாணிப் பருவம்னு ஒரு பகுதி இருக்கு, அது கை கொட்டச் சொல்லிப் பாடுறது. ஆட்டத்துல சேராம ஓரமா உக்காந்து கை தட்டிக்கிட்டிருக்குற பொடியனுக்கு ரெண்டாவது பொருளும் பொருந்தத்தான் செய்யுது, இது என் கற்பனை, அகராதியில தேடாதீங்க.

இப்ப விஷயம் சூடு பிடிக்கிற எடத்துக்கு வருவோம். ‘ஒப்பு’க்கு வேர் ‘ஒ’. ஒத்துப் போறது, ஒரே மாதிரி இருக்குறது. இதுலருந்து கெளைச்ச குடும்பத்தப் பாருங்க. நடிக்கிறதுக்கு முன்னாடி மூஞ்சியில போடுறது ஒப்பனை. சரின்னு சொல்றது ஒப்புதல், கையெழுத்து ஒப்பம், எழுதி வச்சுக்கிறது ஒப்பந்தம், பொருள அடுத்தவங்க கையில குடுக்குறது ஒப்படைக்கிறது. மலையாளத்துல ஒப்புன்னா இன்னைக்கும் கையெழுத்துதான், கன்னடத்துல ஒத்துக்கிறது, தெலுங்குல ஒத்துக்கிறதும் உண்டு ‘சரி’ங்குறதும் உண்டு. மதுரையில வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுறவங்க கிட்ட கேட்டீங்கன்னா தப்பு ஒப்புன்னு ஜோடியாச் சொல்லிக் காட்டுவாங்க. ஆக வேஷமும் ஒப்புலதான் இருக்கு, சம்மதமும் ஒப்புலதான் இருக்கு. ஒப்பனை போட்டு, ஒப்பந்தம் பேசி, ஒப்புக்குப் பண்ற கல்யாணம். மூணும் ஒரே வேர்ல.

இது பத்தாதுன்னு தொல்காப்பியர் வேற வர்றாரு. மெய்ப்பாட்டியல்ல ஒரு தலைவனுக்கும் தலைவிக்கும் என்னென்ன ஒத்துப் போகணும்னு ஒரு பட்டியல் போட்டு, “முறையுறக் கிளந்த ஒப்பினது வகையே”ன்னு முடிக்கிறாரு. அவரு வைக்கிற பேரே ஒப்புதான்! பிறப்பு, குடிமை, ஆண்மை, வயசு, உருவம், காமத்துக்கு வாசலா இருக்குற அன்பு, நிறை, அருள், உணர்வு, திரு. எண்ணிப் பாத்தா பத்து. நம்ம ஜோசியர் பாக்குறதும் பத்துப் பொருத்தந்தான், ஆனா அதுல கணம் இருக்கு, யோனி இருக்கு, ரஜ்ஜு இருக்கு, அருளும் உணர்வும் எந்தக் கட்டத்துலயும் இல்ல. கல்யாணத் தரகர் கொண்டு வர்ற பயோடேட்டாவுல பிறப்பு, குடி, வயசு, உருவம், சொத்து வரைக்கும் தெளிவா இருக்கும். மிச்சத்தக் கட்டுனதுக்கப்புறந்தான் பாக்கணும். ஒப்புக்குக் கல்யாணப் படம் சுவாரசியமா இருக்குறது இதனாலதான்னு நெனைக்கிறேன், அதுல பயோடேட்டா ஒத்துப் போகாத ரெண்டு பேரக் கொண்டாந்து விட்டு, பட்டியலோட பின்பாதியில இருந்து ஆரம்பிக்கிறாங்க.

வள்ளுவர் இதையே இன்னும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு, பண்புடைமையில: “உறுப்பொத்தல் மக்களொப்பு அன்றால் வெறுத்தக்க பண்பொத்தல் ஒப்பதாம் ஒப்பு.” இதுல ‘வெறுத்தக்க’வப் பாத்துப் பயந்துராதீங்க, செறிஞ்சு நெருக்கமா இருக்குறதுன்னுதான் உரைக்காரங்க பொருள் சொல்றாங்க. மூஞ்சி கையி காலு ஒத்திருந்தா ஒப்பு இல்ல, குணம் ஒத்துப் போறதுதான் ஒப்பு. அவரு பொதுவா மனுசனச் சொன்னாரு, நான் புருசன் பொண்டாட்டிக்கு இழுத்துக்கிட்டேன்.

தமிழ்ல இந்தக் கதைக்கு மூத்த உதாரணம் 1955ல வந்த மிஸ்ஸியம்மா. எல்.வி.பிரசாத் டைரக்‌ஷன், ஜெமினி கணேசன், சாவித்திரி. மூலக்கதை வங்காளத்தோடது, தெலுங்குலயும் அதே வருசம் என்.டி.ராமராவ வச்சு எடுத்தாங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணமான தம்பதியா வாத்தியார் வேணும்ங்குறாங்க, வேலை இல்லாத பாலுவும் மேரியும் தம்பதின்னு சொல்லிக்கிட்டு வந்து சேர்றாங்க. இவரு இந்து, அவங்க கிறிஸ்தவப் பொண்ணு. கவனிச்சுப் பாத்தா அதுல தாலி கட்டுற நாடகம் கூட இல்ல, வெறும் வாய்வார்த்தைதான், மத்ததெல்லாம் ஊரு தானா நம்பிக்கிருது. வேசம் போடுறதுல உள்ள அசிங்கம் துளியும் இல்லாம, வேலைக்காகத் திண்டாடுற படிச்ச பிள்ளைகளோட கதையா இருக்கும். அதப் போலித் திருமணம்னு கூப்புட எனக்கு வாய் வராது.

கல்யாணம்ங்குற பாதியையும் கொஞ்சம் பாத்துருவோம். அது வடசொல், மூலத்துல நல்லது, மங்களம்னு பொருள். தமிழ்ல மணம், மன்றல், வதுவை, கரணம்னு ஏற்கெனவே நெறையவே இருந்துச்சு. ஆனா கல்யாணமும் நேத்து வந்த சொல்லு இல்ல, நாலடியார்லயே இருக்கு, “பல்லார் அறியப் பறையறைந்து நாள்கேட்டுக் கல்யாணஞ் செய்து”ன்னு. நாலடியார்னா, வைகையில ஏடுகள வீசி எறிஞ்சப்ப எதுத்து நீந்தி வந்ததா நம்ம ஊர்ல கதை சொல்வாங்கல்ல, அந்தப் பாட்டுகதான். பல பேரு அறியணும், பறை அடிக்கணும், நாள் பாக்கணும். ‘பல்லார் அறிய’ங்குறதுதான் அங்க முக்கியம். தொல்காப்பியம் இதுக்குக் காரணமே சொல்லுது: “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.” ஐயர்னா இங்க பெரியவங்க. களவுல, அதாவது ஊருக்குத் தெரியாமக் காதலிச்சுப் பழகிட்டு, அப்புறம் இவள எனக்குத் தெரியாதுன்னு பொய் சொல்ல ஆரம்பிச்சதும், பெரியவங்க கூடிச் சடங்குன்னு ஒண்ண உண்டாக்குனாங்களாம். பொய்யத் தடுக்க வந்த சடங்கையே எடுத்துப் பொய் சொல்றதுக்கு வச்சுக்கிறதுதான் இந்தப் படங்களோட மொத்தக் குசும்பும்.

மதுரைப் பக்கம் இத நெசமாவே செஞ்சு பாத்தா என்னாகும்? ஒரு நாள் தாங்காது. திருப்பரங்குன்றத்துல சத்தமில்லாம மாலை மாத்திக்கலாம்னு போனா, முகூர்த்த நாள்ல அங்க நிக்கிற கூட்டத்துல நாலு பேராவது சொந்தக்காரங்களா இருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள பங்காளிக பிளக்ஸ் அடிச்சுருவாங்க, நீங்க ஒப்புக்குப் பண்ணுனா அவங்களும் ஒப்புக்கா அடிப்பாங்க? அதவிடப் பெரிய சிக்கல் செய்முறை. ஒருத்தர் ஆயிரத்து ஒண்ணு எழுதிட்டாருன்னா அது நோட்டுல ஏறிருச்சு, அவரு மக கல்யாணத்துக்கு நீங்க கூட்டித் திருப்பிச் செஞ்சே ஆகணும், “அண்ணே அது நடிப்புண்ணே”ன்னு சொல்லித் தப்ப முடியாது. தாய்மாமன் சீரோட வந்து எறங்குனாருன்னா கதை கந்தல்.

சட்டமும் நமக்குத் தோதா இல்ல. அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப சுயமரியாதைக் கல்யாணத்துக்காக இந்துத் திருமணச் சட்டத்துல 7ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. ரெண்டு இந்துக்கள், சொந்தக்காரங்களோ நண்பர்களோ வேற ஆட்களோ இருக்குறப்ப, உன்னையக் கட்டிக்கிறேன்னு அவங்களுக்குப் புரியுற பாஷையில சொல்லி மாலை மாத்துனாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டுனாலோ போதும், ஐயரும் வேணாம் அக்கினியும் வேணாம். ஊரறிய விழா வச்சாத்தான் செல்லும்னு இல்லேன்னு 2023ல உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. அதனால ரிகர்சல்னு சொல்லி ரூம்ல பிரெண்ட்ஸ வச்சுக்கிட்டு வசனம் பேசி மாலை மாத்திப் பாக்குறவங்க கொஞ்சம் ஜாக்கிரதை, அப்புறம் அது ஒப்புக்கான்னு கோர்ட்டுல போயித்தான் பேசணும். மேரியும் பாலுவும் வேற வேற மதம்ங்குறதால இதுல மாட்ட மாட்டாங்க.

கடைசியா எழுதுறது எப்பிடின்னு ஒரு வார்த்தை. ‘ஒப்புக்குக் கல்யாணம்’னு நடுவுல க் போட்டு எழுதுங்க, ‘கு’ உருபுக்குப் பின்னாடி வல்லினம் மிகும். சுருக்கமா இருக்கட்டும்னு ‘ஒப்புமணம்’னு ஆக்குனா கெட்டுச்சு, சம்மதிச்சுப் பண்ண கல்யாணம்னு நேர் எதிர்ப் பொருள் வந்துரும். கட்டுரைக்கு எழுத்துத் தமிழ்லயே வேணும்னா ‘நடிப்பு மணம்’னு போட்டுக்கலாம், தப்பில்ல, என்ன, அதுல அந்த அப்பத்தா இல்ல.