விமானத்தில் ஏற்றி அனுப்பினால் மட்டும் ஒராங்குட்டான் காடு போய்ச் சேராது

கடத்தல்காரர்களிடமிருந்து ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கின் குட்டியை மீட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், "பிடிச்சாச்சுல்ல, கொண்டுபோய்க் காட்டில் விட்டுட வேண்டியதுதானே" என்று நாலு பேராவது எழுதிவிடுவார்கள். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், மீட்ட ஒராங்குட்டான்களைக் காட்டுக்குத் தயார்படுத்தும் ஒரு மறுவாழ்வு மையத்தில் மருத்துவராக வேலை பார்த்தவன் நான். விமானத்தில் ஏற்றி அனுப்புவதுதான் இதில் இருப்பதிலேயே சின்ன வேலை.

நோபிதா, ஷிசுகா என்ற இரண்டு குட்டிகளையே எடுத்துக்கொள்வோம். 2016-ல் பாங்காக்கில் இணையம் வழியாக விற்கப் பார்த்தார்கள், போலீஸ் மீட்டது. அவை சுமத்ரா திரும்பியது 2023 டிசம்பரில். காட்டில் ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வருஷம் தாயை விட்டுப் பிரியாது. எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்த மரப்பட்டையை உரித்துத் தின்னலாம், கரையானை எப்படி எடுப்பது என்று எல்லாமே அப்போது அம்மாவைப் பார்த்துப் படிப்பவை. அந்த வயது முழுக்க இந்த இரண்டுக்கும் கூண்டில் போயிற்று. தாய்? குட்டி விற்பனைக்கு வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் தாயைக் கொன்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம், உயிரோடு இருக்கும் தாய் குட்டியை விட்டுக்கொடுக்காது.

சரி, எந்தக் காட்டுக்கு அனுப்புவது? போர்னியோ தீவின் இனம் வேறு, சுமத்ரா இனம் வேறு, அதே சுமத்ராவில் 2017-ல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தப்பனூலி இனம் வேறு. போர்னியோவுக்குள்ளேயே மூன்று கிளையினங்கள் உண்டு. ரத்தம் எடுத்து மரபணு பார்க்காமல் முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு போர்னியோவின் தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்காவே சாட்சி. அங்கே பல வருஷம் முன்பு விடப்பட்ட ஒராங்குட்டான்களில் வேறு கிளையினத்தவையும் இருந்தன, அவற்றின் வாரிசுகள் கலப்பாகப் பெருகிவிட்டன என்று 2016-ல் மரபணு ஆய்வு காட்டியது. விட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள்.

அடுத்தது நோய், என் வேலையில் பாதி இதுதான். மனிதர்களோடு வளர்ந்த குட்டிக்கு நம்மிடமிருந்து டிபி தொற்றியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மேலிமைக்குள் ஒரு துளி சோதனை மருந்தை ஊசியால் ஏற்றிவிட்டு, மூன்று நாள் தினமும் கூண்டுக்கு வெளியே நின்று இமை வீங்குகிறதா என்று பார்ப்போம். ஒராங்குட்டானுக்கு இந்தச் சோதனை நோயே இல்லாமலும் வீங்கிக் காட்டும், அதனால் அதை மட்டும் நம்பவும் முடியாது, எக்ஸ்ரே, சளி, ரத்தம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இன்னும் குழப்பம், ஒராங்குட்டானுக்கே உரிய ஒரு வகை வைரஸ் இருக்கிறது, சாதாரணச் சோதனையில் அதுவும் மனிதக் கிருமி போலவே தெரியும். தொற்றோடு ஒன்றைக் காட்டில் விட்டால் அங்கே இருப்பவற்றுக்கும் போகும்.

அப்புறம்தான் பள்ளிக்கூடம். வீட்டில் வளர்ந்த ஒன்று எங்களிடம் வந்தது, சோறும் பிஸ்கட்டும் தின்று பழகியது, மரத்தில் ஏறவே பயம். இருட்ட ஆரம்பித்தால் ஒரு கோணிப்பையைத் தேடி எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடும். காட்டில் வாழும் ஒராங்குட்டான் சாயங்காலமானால் கிளைகளை வளைத்து ஒடித்து மரத்தின் மேல் புதுப் படுக்கை கட்டும். அதை இது கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆயிற்று. சில கடைசிவரை கற்பதில்லை, சில நோயாலோ ஊனத்தாலோ போகவே முடியாது. அவற்றை வாழ்நாள் முழுக்க வைத்துப் பராமரிக்க வேண்டும், அதற்கான செலவைப் பற்றி எந்தச் செய்தியும் பேசாது.

எல்லாம் தேறியவற்றையும் கண்ட காட்டில் விட முடியாது. ஏற்கெனவே காட்டு ஒராங்குட்டான்கள் நன்றாக வாழும் இடத்தில் விட்டால் நோயும் சண்டையும்தான் மிஞ்சும். அதனால்தான் ஒராங்குட்டான் அற்றுப்போன காடுகளாகத் தேடினார்கள்: சுமத்ராவின் ஜாம்பி மாகாணத்தில் புக்கிட் திகாபுலு, 2011 முதல் ஆச்சே மாகாணத்தில் ஜாந்தோ. இத்தனை வேலையும் செய்திகளில் வராது. பாங்காக்கில் ஒரு பூங்காவில் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போட வைக்கப்பட்டவற்றில் 48, 2006-ல் போர்னியோவின் ஞாரு மெந்தெங் மையத்துக்கு வந்தன. செய்தியில் அன்றோடு கதை முடிந்துவிட்டது, மையத்துக்காரர்களுக்கோ அன்றுதான் தொடங்கியது.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. பயணிகளின் பெட்டிக்குள் சியாமாங் கிப்பன் குட்டிகள் இந்திய விமான நிலையங்களில் பிடிபடுகின்றன, அவையும் வாலில்லாக் குரங்குகள்தான். பிடித்த விலங்கை வந்த ஊருக்கே திருப்பி அனுப்புவது இங்கே வழக்கம். விமானம் புறப்பட்ட ஊர் வேறு, குட்டி பிடிபட்ட காடு வேறு. ரத்த மாதிரிகூட எடுக்காமல் அனுப்பினால் அது எந்தக் காட்டுக்குரியது என்ற தடயமும் கூடவே போய்விடும். கால தாமதம் குட்டியைக் கொல்லும் என்பது அதிகாரிகளின் நியாயமான கவலை, மறுக்கவில்லை, ஆனால் மாதிரி எடுக்க அரைமணி நேரம் போதும்.

விற்பனைக்கு என்று குட்டிப் படம் கண்ணில் பட்டால் பாவப்பட்டு "காப்பாற்ற" வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் அடுத்த தாய் சுடப்படும். அதோடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய வெளிநாட்டு விலங்குகளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பதும் குற்றம். பதிவைப் பகிரவும் வேண்டாம், கீழே திட்டவும் வேண்டாம், திட்டினாலும் அது இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரும். கணக்கின் பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மத்திய வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கோ (WCCB) வனத்துறைக்கோ அனுப்புங்கள், விற்பவரிடம் விசாரித்துப் பார்க்காதீர்கள், சந்தேகம் வந்தால் கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவார்.