ஓணத்துக்கு முன் அந்த ரிக்வெஸ்ட் எண்ணைப் பாருங்கள்

அத்தம் பிறந்து கேரளத்தில் பூக்களம் தொடங்கியதும் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் சூடு பிடிக்கிறது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஆர்டர்கள் குவிகின்றன. அந்த ஆர்டர்களை வாங்கும் செயலி விடியற்காலையில் திணறி நிற்கிறது. உரிமையாளர் பதறிப்போய் இன்னும் இரண்டு சர்வர்களை வாடகைக்கு எடுக்கிறார். அதன் பிறகும் செயலி ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மார்த்தாண்டம், நாகர்கோவில், கழக்கூட்டம் என எல்லையின் இரு பக்கமும் உள்ள சிறு நிறுவனங்களுக்குக் கியூபெர்னெட்டிஸ் (செயலிகளைப் பல சர்வர்களில் பங்கிட்டு ஓட்டும் மென்பொருள்) பராமரிப்பு செய்து தருகிறேன். செயலி மாறுகிறது, உரிமையாளர் மாறுகிறார், கோளாறு மட்டும் மாறுவதில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இந்த முறை வந்த செயலி நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டது. செயலியின் ஓடும் பிரதி ஒவ்வொன்றையும் பாட் (pod) என்பார்கள். பாட் ஒவ்வொன்றுக்கும் சிபியூ ரிக்வெஸ்ட், அதாவது ஒதுக்கி வைக்கும்படி கேட்கும் அளவு, 2000 மில்லிகோர்; முழுதாக இரண்டு கோர். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று 'கியூப்சிடிஎல் டாப்' கட்டளையில் பார்த்தால் சாதாரண நேரத்தில் 150 மில்லிகோரைச் சுற்றியே நிற்கிறது. ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்குத்தான் அண்ணா, கூட்டியே வைத்திருக்கிறோம்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

இந்தப் 'பாதுகாப்பு' என்ற நினைப்புதான் எனக்குப் பெரும் எரிச்சல். ரிக்வெஸ்ட் என்பது முன்பதிவு. சினிமா தியேட்டரில் முன்பதிவு செய்தவர் வராமல் போனாலும் அந்த இருக்கைக்கு இன்னொருவருக்கு டிக்கெட் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? ஒரு பாட்டை எந்தச் சர்வரில் வைப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், உண்மைப் பயன்பாட்டைப் பார்ப்பதே இல்லை. ரிக்வெஸ்ட் எண்களைக் கூட்டிப் பார்க்கிறது. இடம் இல்லையென்றால் கதவைச் சாத்திவிடுகிறது. நான்கு கோர் சர்வரில் இரண்டு கோர் கேட்கும் பாட் இரண்டு அடங்கும் என்று நினைப்பீர்கள். அடங்காது. இயங்குதளத்துக்கும் கியூபெர்னெட்டிஸின் சொந்த வேலைகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கியபின் மிஞ்சுவது நான்குக்கும் குறைவு. ஆகவே ஒரே ஒரு பாட்தான் உள்ளே போகும். சர்வர் முக்கால்வாசிக்கு மேல் சும்மா கிடக்கும். திரையிலோ 'சிபியூ போதவில்லை' என்ற செய்தி வரும். அதைப் பார்த்ததும் இன்னொரு சர்வர் வாங்குகிறார்கள்!

பணம் வீணாவதைக்கூட விடுங்கள். நெரிசலில் செயலியைக் காப்பாற்ற வேண்டிய ஆட்டோஸ்கேலரையே இந்த எண் முடக்கிவிடுகிறது. பயன்பாடு 70 சதவீதம் தாண்டினால் பாட்களைப் பெருக்கு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எதில் 70 சதவீதம்? ரிக்வெஸ்ட்டில். இரண்டு கோரில் 70 சதவீதம் 1400 மில்லிகோர். நோட்.ஜேஎஸ் தன் ஜாவாஸ்கிரிப்ட் வேலையை ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓட்டுகிறது. எனவே மூச்சு முட்ட உழைத்தாலும் ஏறத்தாழ 1000 மில்லிகோரைத் தாண்டாது. ஆட்டோஸ்கேலரின் கணக்கில் அது வெறும் 50 சதவீதம். ஆர்டர்கள் வரிசையில் தேங்கிக் கிடக்க, வரைபடமோ பாதிச் சுமைதான் என்று காட்டுகிறது. புதிய பாட் எதுவும் பிறக்காத இடத்தில் புதிய சர்வர்களுக்கு என்ன வேலை?

500 மில்லிகோராகக் குறைக்கச் சொன்னேன். இப்போது அதே 1000 மில்லிகோர் உழைப்பு 200 சதவீதமாகத் தெரியும். ஆட்டோஸ்கேலர் பாட்களை ஏறக்குறைய மூன்று மடங்காக்கும். முன்பதிவு கால் பங்காகக் குறைந்துவிட்டதால், நினைவகம் இடம் கொடுக்கும் வரை, அவை இருக்கிற சர்வர்களிலேயே அடங்கும்.

இதைப் படித்துவிட்டு நினைவகத்தையும் இதே வேகத்தில் வெட்டிவிடாதீர்கள். சிபியூ குறைந்தால் செயலி மெதுவாகும், அவ்வளவுதான். நினைவகப் பயன்பாடு லிமிட்டை, அதாவது நீங்கள் வைத்த உச்சவரம்பை, தாண்டினால் லினக்ஸ் கெர்னல் செயலியைக் கொன்றுவிடும். 137 என்ற வெளியேற்ற எண்ணோடு கண்டெய்னர் (பாட்டுக்குள் செயலி ஓடும் பெட்டி) விழும். நினைவகத்துக்கு ரிக்வெஸ்ட்டும் லிமிட்டும் ஒரே அளவாக இருக்கட்டும், உச்சப் பயன்பாட்டுக்கு மேல் கொஞ்சம் இடைவெளியும் இருக்கட்டும். சிபியூ லிமிட் வைப்பதிலும் நிதானம் தேவை. வழக்கமாக 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை பங்கு அளக்கப்படுகிறது. பங்கு தீர்ந்தால், சர்வர் சும்மா இருந்தாலும், அடுத்த சுற்று வரும் வரை உங்கள் செயலி காத்து நிற்கும்.

ஜாவாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா, தரவுகளை வைக்கும் தன் ஹீப்புக்குக் கண்டெய்னர் நினைவகத்தில் பொதுவாகக் கால் பங்குதான் எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கொடுத்துவிட்டு 1 ஜிபியில் திணறுகிறது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பங்கை மாற்றும் மேக்ஸ்ரேம்பெர்சன்டேஜ் என்ற அமைப்பை ஒருமுறை படியுங்கள். கோ மொழியில் எழுதுகிறவர்கள் 2025-இல் வந்த 1.25 பதிப்புக்கு மாறுங்கள். அதற்கு முந்தைய பதிப்புகள் கண்டெய்னரின் சிபியூ லிமிட்டைக் கவனிக்காமல் சர்வரின் எல்லாக் கோர்களையும் தன்னுடையதாகவே எண்ணிக்கொள்ளும்.

இணையத்தில் கிடைத்த மாதிரிக் கோப்பிலிருந்து எண்களை நகலெடுப்பதை நிறுத்துங்கள். அந்த எண்களை எழுதியவருக்கு உங்கள் செயலியைத் தெரியாது. ஒரு வாரமாவது பயன்பாட்டை அளந்துவிட்டு எழுதுங்கள்; அந்த வாரத்தில் நெரிசலான ஒரு நாளும் இருக்க வேண்டும். பயன்பாட்டைப் பார்த்து ரிக்வெஸ்ட்டைத் திருத்தும் வெர்டிகல் பாட் ஆட்டோஸ்கேலரைப் பரிந்துரை மட்டும் தரும்படி ஓடவிட்டால் எதையும் மாற்றாமல் எண்களைச் சொல்லும். சோதனைச் சூழலை இரவில் அணையுங்கள். இதையெல்லாம் அத்தத்துக்கு முந்தின இரவு செய்யாதீர்கள், தயவுசெய்து! ஆடியிலேயே சுமைச் சோதனையை முடித்துவிடுங்கள்.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பையன்கள் கெட்டிக்காரர்கள். இதை யாரும் அவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த சர்வருக்குப் பணம் கட்டும் முன், ஒவ்வொரு செயலியும் கேட்டது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.